அயர்லாந்தின் ஆடல் மண்டபங்கள்

சென்ற 2024-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் டிக்கி ராக் என்னும் டப்ளின் நகரத்துப் பாடகர் தமது 88-வது வயதில் காலமானார். நமது நேயர்களில் பெரும்பாலோர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சங்கீத மேதைகளின் வரிசையில் அவரைச் சேர்க்க வேண்டுமென்று வாதாடுவோரும் இல்லை. எனினும் அயர்லாந்தில் எழுபது வயதைத் தாண்டிய ஆண்களும் பெண்களும் அச்செய்தி கேட்டுக் கலங்கினார்கள். தங்கள் வாலிபப் பிராயத்தில் எஞ்சியிருந்த ஒரு துண்டும் அவரோடு போய்விட்டது போல் அவர்களுக்குத் தோன்றிற்று. அறுபது வருஷங்களுக்கு முன் அவர் மேடையில் நின்று பாடுகையில், கூட்டத்திலிருந்த ஒரு யுவதி, "டிக்கி, என் மேல் துப்பு!" என்று கூவினாளாம். அக்கூச்சல் பிறகு அந்தத் தேசத்தில் பழமொழி போலவே ஆகிவிட்டது. ருசி கெட்ட வார்த்தைதான். ஆனால் பக்தி முற்றிவிட்டால் எந்த ஊரிலும் பாஷை இப்படித்தான் தடுமாறும்.

தேசியப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் ஆட்டபாட்டங்களைப் பற்றி எழுத வேண்டுமா என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். சுயராஜ்யப் போராட்ட காலத்தில் அயர்லாந்தின் கதையைத் தமிழ்நாட்டு தேசபக்தர்கள் தங்கள் சொந்தக் கதை போலவே படித்தார்கள். பார்னலை அறிவார்கள், டி வேலராவை அறிவார்கள், 1920-ல் 74 நாள் உண்ணாவிரதமிருந்து பிரிக்ஸ்டன் சிறையில் உயிர்விட்ட மாக்ஸ்வினியை நினைத்துக் கண்ணீர் பெருக்கினார்கள். கொடி ஏறிய பிறகு அந்த ஜனங்கள் என்ன ஆனார்கள், சனிக்கிழமை இரவில் எங்கே போனார்கள், என்ன பாடினார்கள் என்று நம்மவர் அதிகமாக விசாரித்ததில்லை. சுதந்திர தேசத்தில் இருபது வயது வாலிபனுக்கு என்ன கிடைத்தது என்பது அற்ப விஷயமன்று என்பது நமது அபிப்பிராயம்.

கதையை 1922-க்குப் பின்னிருந்து தொடங்க வேண்டும். தீவின் 26 ஜில்லாக்கள் சுதந்திரம் பெற்றன. வடக்கே 6 ஜில்லாக்கள் பிரிட்டிஷ் ஆட்சியிலேயே நின்றன. புதிய சர்க்காருக்கும் பாதிரிமாருக்கும் அப்போது பெருங்கவலையாக இருந்தவற்றில் ஒன்று நடனம். அமெரிக்காவிலிருந்து ஜாஸ் என்ற சங்கீதம் வந்து வாலிபர்களைக் கெடுக்கிறது, தேசியப் பண்பாட்டை அழிக்கிறது என்று பிரசங்கங்கள் நடந்தன. 1934-ம் வருஷப் பிறப்பன்று லீட்ரிம் ஜில்லாவிலுள்ள மோஹில் என்ற சிற்றூரில் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டு, ஜாஸ் ஒழிக என்ற பதாகைகளுடன் ஊர்வலம் போனார்கள். பாதிரியார் ஒருவர் அதற்குத் தலைமை வகித்தார். அடுத்த வருஷமே, 1935-ல், பொது நடன மண்டபச் சட்டம் வந்துவிட்டது. ஆடுவதற்கு மண்டபம் வைத்திருப்போர் நீதிபதியிடம் லைசென்ஸ் பெற வேண்டும்.

இச்சட்டத்தின் விளைவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். விவசாயிகளின் வீட்டுச் சமையற்கட்டிலும், நாற்சந்தியிலும், பிடிலும் புல்லாங்குழலும் வைத்துக்கொண்டு ஊரார் ஆடிவந்த ஆட்டம் அந்தத் தேசத்தின் சொந்த ஆட்டம். பாட்டனும் பேரனும் கூடி ஆடியது. போலீஸாரும் பாதிரிமாரும் சட்டத்தைக் கையிலேந்தி வீட்டு ஆட்டங்களின் மேலும் பாய்ந்தார்கள். லைசென்ஸ் பெறுவதோ கோயிலைச் சேர்ந்த மண்டபங்களுக்குச் சுலபமாக இருந்தது. அந்நிய சங்கீதத்தைத் தடுக்கக் கிளம்பிய கூட்டம் சுதேசி சங்கீதத்தின் கழுத்தைப் பிடித்தது. ஜாஸ் சாகவில்லை, சமையற்கட்டுப் பிடில்தான் ஓய்ந்தது.

அதே லீட்ரிம் ஜில்லாவில் ஜிம்மி கிரால்டன் என்பவர் இருந்தார். அமெரிக்கா சென்று உழைத்துத் திரும்பிய பொதுவுடைமைவாதி. தம் ஊரில் ஒரு மண்டபம் கட்டி, அதற்குத் தேசத் தியாகிகளான பியர்ஸ், கொனோலி இருவரின் பெயரையும் சூட்டினார். அங்கே படிப்பும் நடந்தது, ஆட்டமும் நடந்தது. பிரசங்க மேடையிலிருந்து அவருக்கு எதிராகக் கண்டனம் எழுந்தது. 1932 கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் மண்டபம் தீக்கிரையாயிற்று. 1933 ஆகஸ்டில் டி வேலராவின் சர்க்கார், அந்த மண்ணிலேயே பிறந்த மனிதரை, அமெரிக்கப் பிரஜை என்ற சாக்கில் விரும்பத்தகாத அந்நியர் என்று பெயரிட்டு நாடு கடத்திவிட்டது. 1945-ல் அவர் நியூயார்க்கில் இறந்தார். 2016-ல்தான் அயர்லாந்தின் ராஷ்டிரபதி அந்த அநீதிக்கு வருத்தம் தெரிவித்தார். நமது தலைவர்களால் தவறு நேராது என்று நம்பும் தேசபக்தர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை படிக்க வேண்டும். நாம் படித்தபோது நமக்கு வெட்கமாகவே இருந்தது.

1950-களில் நிலைமை இன்னும் மோசம். வேலையில்லை. அந்தப் பத்து வருஷங்களில் ஏறக்குறைய 4 லட்சம் பேர் அயர்லாந்தை விட்டு வெளியேறினார்கள். கிராமங்களில் மிஞ்சினவர்கள் கிழவர்களும், நிலத்தை விட்டுப் போகமுடியாத மூத்த பிள்ளைகளுமே. அத்தகைய காலத்தில்தான் ஷோ பாண்டு என்ற புது ஜாதிக் கோஷ்டிகள் கிளம்பின.

அதற்கு முன் இருந்தவை கௌரவமான வாத்தியக் கோஷ்டிகள். குளோன்மெல் ஊர் மிக் டெலஹண்டியின் கோஷ்டி போன்றவை பிரசித்தமானவை. கறுப்பு அங்கியணிந்த வித்வான்கள் நாற்காலியில் வரிசையாக அமர்ந்து, முன்னே பலகையில் ஸ்வரத்தாள் வைத்துக்கொண்டு வாசிப்பார்கள். இந்த மரியாதையை முதலில் உடைத்தவர்கள் வடக்கே டைரோன் ஜில்லா ஸ்ட்ராபேன் ஊரைச் சேர்ந்த கிளிப்பர் கார்ல்டன் கோஷ்டியார் என்று சொல்லப்படுகிறது. அவர்கள் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்கள். நின்றதோடு நில்லாமல் ஆடினார்கள், வேஷம் போட்டார்கள், பிரபல பாடகர்களைப் போல நடித்துக் காட்டினார்கள். எழுந்து நின்றது சிறு விஷயம் போல் தோன்றலாம். ஆனால் அன்று மண்டபத்திலிருந்த வாலிபன், பெரியோர் முன்னிலையில் கை கட்டி நிற்கப் பழகியவன், தன்னையொத்த ஒரு வாலிபன் மேடையில் துள்ளிக் குதிப்பதை முதல்முறையாகக் கண்டான்.

பிறகு சொல்ல வேண்டுமா? வாட்டர்போர்டு நகரின் ராயல், டப்ளினின் மியாமி, காபிடல், மல்லிங்கார் ஊர் ஜோ டோலனின் டிரிப்டர்ஸ் என்று நூற்றுக்கணக்கான கோஷ்டிகள் முளைத்தன. ஒரே மாதிரி கோட்டு அணிந்த ஏழெட்டுப் பேர்; கிட்டார், டிரம், டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் எல்லாம் ஒரு சிறு வானில் அடைந்து கிடக்கும். இரவு முழுதும் வாசித்துவிட்டு விடியுமுன் நூறு மைல் தாண்டி வீடு திரும்புவார்கள். பலர் பகலில் தச்சராகவும் தொழிற்சாலை ஊழியராகவும் இருந்தவர்கள். எல்விஸ் பிரெஸ்லி ஒருநாளும் அயர்லாந்தில் பாடியதில்லை. ஆகவே ஒரு குடியானவன் மகனுக்கு ராயல் கோஷ்டியின் பிரெண்டன் போயரே எல்விஸ். 1962 ஏப்ரலில் லிவர்பூல் நகரில் ராயல் கோஷ்டி முதலிடம் பெற்றுப் பாடியபோது, அவர்களுக்கு முன்பாக மேடையேறிய துணைக் கோஷ்டியின் பெயர் பீட்டில்ஸ். இதை அயர்லாந்துக் கிழவர்கள் இன்றும் சொல்லி மகிழ்வதில் வியப்பில்லை.

மண்டபங்களின் கதையோ தனிக் கதை. ஊருக்கு வெளியே வயல் நடுவே, களஞ்சியம் போன்ற ஒரு கட்டடம். வர்ண விளக்குகள். பெயர்கள் மட்டும் ஆகாயத்தில் மிதப்பவை: மேக நாடு, கனவு நாடு, ரோஜா நாடு என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர்கள். உள்ளே ஒரு சுவரோரம் ஆண்கள், எதிர்ச் சுவரோரம் பெண்கள். நடுவே மெழுகு தடவிய பரந்த தரை. கோஷ்டியார் மூன்று பாட்டு முடித்து, அடுத்த ஆட்டத்துக்கு வாருங்கள் என்று அறிவித்ததும் ஆண்கள் கூட்டமாக அந்தத் தரையைக் கடப்பார்கள். கடந்து போய்ப் பெண் மறுத்துவிட்டால் எல்லோர் முன்னிலையிலும் திரும்பி நடக்க வேண்டும். அந்த முப்பதடி தூரம் வாழ்நாளில் தாங்கள் நடந்த மிக நீண்ட தூரம் என்று பலர் நினைவு கூர்வதுண்டு. பெண்களின் பாடும் லேசன்று. அழைப்பு வராமல் சுவரோரமே நின்று இரவைக் கழித்தவர்களும் உண்டு. மது கிடையாது. எலுமிச்சை பானம் ஒன்று வாங்கித் தரட்டுமா என்று கேட்பதே காதலின் முதல் வார்த்தை.

லீட்ரிம் ஜில்லாவில் கிளென்பார்ன் என்ற இடத்தில், நியூயார்க்கிலிருந்து திரும்பிய ஜான் மக்கிவர்ன் என்பவர் 1934-ல் ஒரு மண்டபம் கட்டினார். ஆம், அதே ஜில்லாவில் ஜாஸ் ஒழிக ஊர்வலம் போன அதே வருஷம். இரவின் ஒரு கட்டத்தில் அவரே மேடையேறி, விளக்கைத் தணித்து, ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துகொள்ளும்படி ஆடுவோரைத் தூண்டுவாராம். எழுத்தாளர் வில்லியம் டிரெவர் 1972-ல் எழுதிய புகழ்பெற்ற சிறுகதைக்கு அந்த மண்டபத்தின் பெயர்ப் பலகையே வித்து. அவர் கண்ட மண்டபத்தில் மகிழ்ச்சி குறைவு. முப்பத்தாறு வயதாகியும் மணமாகாத ஒரு பெண்ணின் சோகமே அதிகம். பழைய நாட்களை நினைத்து உருகுவோர் அந்தக் கதையையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

தவக்காலம் வந்தால் மண்டபங்கள் மூடப்படும். அந்த நாற்பது நாளில் கோஷ்டிகள் கப்பலேறி இங்கிலாந்துக்கும், விமானமேறி நியூயார்க், பாஸ்டன், சிகாகோ நகரங்களுக்கும் சென்றன. அங்கே கூலி வேலைக்கும் தாதி வேலைக்கும் போன அயர்லாந்து மக்கள் கூடினார்கள். லண்டன் கிரிக்கில்வுட்டிலிருந்த கால்டிமோர் மண்டபத்தில், ஒரே கிராமத்தில் பிறந்து அங்கே ஒரு தடவைகூடப் பேசிக்கொள்ளாத இருவர் சந்தித்து மணம் முடித்துக்கொள்வது அந்நாளில் சகஜமாயிருந்தது. 1966-ல் லாரி கன்னிங்காம் என்பவர் மைட்டி ஏவன்ஸ் கோஷ்டியுடன் லீட்ரிம் ஜில்லாவின் அழகைப் பாடிய இசைத்தட்டு தேசத்தில் முதலிடம் பெற்றது. அப்பாட்டை எழுதினவர் பில் பிட்ஸ்பாட்ரிக் என்ற லீட்ரிம்காரர். நியூயார்க் போலீஸில் வேலை பார்த்து, 1947-ல் அங்கேயே ஒரு கொள்ளையைத் தடுக்கப்போய்ச் சுடப்பட்டு இறந்தவர். ஊருக்குத் திரும்பாதவன் எழுதிய பாட்டு ஊருக்கு வந்து சேர இருபது வருஷம் ஆயிற்று.

இனி, நமது நண்பர்கள் கட்டாயம் எழுப்பக்கூடிய ஆட்சேபத்துக்கு வருவோம். இவர்கள் பாடியவற்றில் பெரும்பகுதி அமெரிக்கப் பாட்டு, ஆங்கிலப் பாட்டு. லக்ஸம்பர்க் ரேடியோவில் ஞாயிறன்று கேட்டதை வெள்ளிக்கிழமை மேடையில் ஒப்பிப்பதே தொழில். எழுநூறு வருஷ அந்நிய ஆட்சியை எதிர்த்து நின்ற ஜாதி இப்படி இரவல் தொண்டையில் பாடலாமா? ராக் இசைக்காரர்கள் பின்னாளில் ஷோ பாண்டுகளை எள்ளி நகையாடியதும் இக்காரணத்தாலேயே. இவ்வளவுக்கும் வான் மாரிஸனும் ரோரி காலஹரும் இந்தக் கோஷ்டிகளில்தான் தொழில் பழகினார்கள்.

ஆட்சேபத்தில் உண்மை இல்லாமலில்லை. சொந்தப் பாட்டு எழுத அந்தக் கோஷ்டிகள் துணியாதது பெருங்குறைதான். சில முதலாளிகள் கோஷ்டியின் வியர்வையைப் பணமாக்கிக்கொண்டு, பாடினவர்களை வெறுங்கையுடன் விட்டதும் உண்டு. ஆனால் இரவல் வாங்கினவன் மட்டும் குற்றவாளியா? வீட்டிலிருந்த பிடிலை ஓயச் செய்தவர்கள் யார்? அதிலும், தேசியம் பேசினவர்கள் செய்யாத ஒரு காரியத்தை இந்த இரவல் பாட்டுக்காரர்கள் செய்தார்கள். எல்லைக்கோட்டை அவர்கள் மதிக்கவில்லை. இன்று டப்ளின், நாளை பெல்பாஸ்ட். கத்தோலிக்கரும் பிராட்டஸ்டண்டுகளும் ஒரே கோஷ்டியில் வாசித்தார்கள். ஒரே தரையில் ஆடினார்கள். வடக்கே பள்ளிக்கூடம் வேறு, தெரு வேறு, மயானம் வேறு என்றிருந்த ஜனங்களுக்குச் சனிக்கிழமை இரவு மட்டும் பொதுவாக இருந்தது.

அதற்குத்தான் 1975-ல் விலை கேட்கப்பட்டது.

அந்த வருஷம் ஜூலை 31-ம் தேதி பின்னிரவு. மியாமி கோஷ்டியார் ஐவர் வடக்கே பான்பிரிட்ஜ் ஊரில் வாசித்துவிட்டு டப்ளினுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். டிக்கி ராக் சில வருஷங்களுக்கு முன்பே அக்கோஷ்டியை விட்டு விலகியிருந்தார். ஆறாவது அங்கத்தினர் தனியாக வேறு வழியில் தம் வீட்டுக்குப் போய்விட்டார். நியூரி நகருக்கு வடக்கே பஸ்கில் என்னுமிடத்தில் ராணுவ உடையணிந்தவர்கள் விளக்கை அசைத்து வானை நிறுத்தினார்கள். அந்நாளில் அது வழக்கமான சோதனைதான். ஐவரும் இறங்கிப் பள்ளத்தோரம் வரிசையாக நின்றார்கள். சோதனையிட்டவர்கள் அல்ஸ்டர் வாலண்டியர் படை என்ற பிராட்டஸ்டண்டு ஆயுதக் கோஷ்டியைச் சேர்ந்தவர்கள். அவர்களில் சிலர் பிரிட்டிஷ் ராணுவத்தின் உள்ளூர்ப் படைப்பிரிவில் அப்போது உத்தியோகத்திலிருந்த சிப்பாய்கள். இருவர் வானுக்குள் வெடிகுண்டை ஒளித்து வைக்க முயன்றார்கள். எல்லை தாண்டும் நேரத்தில் அது வெடித்தால், பாட்டுக்காரர்களே குண்டு கடத்தினார்கள் என்று உலகம் நம்பும். தெற்கிலிருந்து வரும் எவரையும் நம்பக்கூடாது என்றாகிவிடும். குண்டு வைத்தவர் கையிலேயே வெடித்தது. இருவரும் அவ்விடத்திலேயே மாண்டார்கள். மற்றவர்கள், வரிசையில் நின்றவர்களைச் சுட ஆரம்பித்தார்கள்.

பாடகர் பிரான் ஓடூல், கிட்டார் வாசித்த டோனி ஜெராட்டி, டிரம்பெட் வாசித்த பிரையன் மக்காய் மூவரும் கொல்லப்பட்டார்கள். மக்காய் வடக்கே டைரோனைச் சேர்ந்த பிராட்டஸ்டண்டு. ஸ்டீபன் டிராவர்ஸ் படுகாயத்துடன் சடலங்களிடையே அசையாமல் கிடந்து தப்பினார். டெஸ் மக்காலி வெடியில் தூக்கியெறியப்பட்டு, பின் எழுந்தோடி உதவி கொண்டு வந்தார். வழக்கில் மூவர் ஆயுள் தண்டனை பெற்றார்கள். அவர்களில் இருவர் அந்தப் படைப்பிரிவின் சிப்பாய்கள், மற்றவர் முன்னாள் சிப்பாய். கொலைகாரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் எவ்வளவு தொடர்பு இருந்தது என்ற கேள்வியை டிராவர்ஸும் இறந்தவர்களின் குடும்பத்தாரும் பல பத்து வருஷங்கள் விடாமல் கேட்டார்கள். 2021 டிசம்பரில் பிரிட்டிஷ் ராணுவ இலாகாவும் வட அயர்லாந்துப் போலீஸாரும், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே, ஏறக்குறைய 15 லட்சம் பவுன் நஷ்டஈடு கொடுக்க இசைந்தார்கள். பணம் வந்தது, பதில் வரவில்லை.

தெற்கத்திக் கோஷ்டிகள் அதன்பின் வெகுகாலம் வடக்கே போகவில்லை. பொதுவாயிருந்த சனிக்கிழமை இரவும் பிரிந்துபோயிற்று. மண்டபங்களின் காலம் அதற்கு முன்பே சரியத் தொடங்கியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். மதுவும் பாட்டும் சேர்ந்து கிடைக்கும் ஹோட்டல்கள் பெருகின. இசைத்தட்டு வைத்து ஆடும் டிஸ்கோக்கள் வந்தன. எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுப்பானேன் என்று முதலாளிகள் கணக்குப் பார்த்தார்கள். மேக நாடுகளும் கனவு நாடுகளும் கிடங்குகளாயின.

அந்த மண்டப முதலாளிகளில் ஒருவரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ரூஸ்கி ஊரைச் சேர்ந்த ஆல்பர்ட் ரெனால்ட்ஸ், ரயில்வே குமாஸ்தாவாக இருந்து, தமையனாரோடு சேர்ந்து நடன மண்டபங்கள் நடத்திப் பொருள் சேர்த்தவர். 1992-ல் அவர் அயர்லாந்தின் பிரதம மந்திரியானார். மண்டபக்காரர் என்று டப்ளின் பெரிய மனிதர்கள் ஏளனம் செய்தார்கள். 1993 டிசம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் மேஜருடன் சமாதானப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் அவரே. 1994 ஆகஸ்டு 31-ல் ஐரிஷ் குடியரசுப் படை துப்பாக்கியைக் கீழே வைத்தபோது பதவியிலிருந்தவரும் அவரே. யாரோடும் பேரம் பேசத் தெரிந்தவர் என்று அவரைச் சொல்வார்கள். அந்த வித்தை எங்கே கற்றது என்பதை நேயர்கள் ஊகிக்கலாம்.

அவர் பிறந்த ராஸ்காமன் ஜில்லாவில் பாயில் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பிறந்து சங்கீதத்தில் பட்டம் பெற்ற ஒரு பெண்மணி நம் நாட்டுக்கு வந்து, 1919-ல் மதனப்பள்ளிக் கல்லூரியில், ரவீந்திரர் பாடிக் காட்டிய ஜனகணமன கீதத்துக்கு ஸ்வரம் எழுதி வைத்தார். நம் மாதர்களின் உரிமைக்காகப் பேசி வேலூர்ச் சிறைக்கும் போய், 1954-ல் அடையாற்றில் காலமான மார்கரெட் கஸின்ஸ் அம்மையாரே அவர். அயர்லாந்துக்காரர் ஒருவர் எழுதி வைத்த ஸ்வரத்தை நாம் அந்நியம் என்று ஒதுக்கவில்லை. சங்கீதத்துக்குப் பாஸ்போர்ட்டு கேட்பவர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.

டப்ளினில் பார்னல் பெயர் பூண்ட சதுக்கத்தில், சுதந்திரத்துக்காக உயிர் நீத்தோரின் நினைவாக ஒரு பூங்கா இருக்கிறது. 1916 எழுச்சியின் பொன்விழாவின்போது, 1966-ல் டி வேலரா அதைத் திறந்து வைத்தார். அதே சதுக்கத்தின் வட புறத்தில் முன்பு நாஷனல் என்ற நடன மண்டபம் இருந்தது. அந்த இடத்துக்கு முன்னே 2007-ல் மியாமி கோஷ்டியின் மூவருக்காக ஒரு சிற்பம் நாட்டினார்கள். அதில் வாளும் இல்லை, கொடியும் இல்லை. 'வாருங்கள், ஆடுவோம்' என்பது அதன் பெயர்.